கடைச் சிப்பந்தியின் நாளும் சட்டமும்

தமிழ்நாட்டில் மளிகை, ஜவுளி, பாத்திரம், மருந்து என்று எந்தக் கடையானாலும், அங்கே வேலை பார்ப்பவருக்கும் அவரை வைத்திருப்பவருக்கும் இடையிலான உறவை ஆளும் அடிப்படைச் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. அன்று அதன் பெயர் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆயிற்று. ஆலைத் தொழிலாளருக்கு முதல் இந்தியச் சட்டம் வந்தது 1881-இல். கடைச் சிப்பந்தி அதற்குப் பிறகு அறுபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார். இந்தத் தாமதத்துக்குக் காரணம், கடை என்பது வேலை செய்யும் இடமாகவே நெடுங்காலம் கருதப்படாததுதான். முதலாளியின் வீட்டுக்கு ஒரு நீட்சியாகவே அது எண்ணப்பட்டது.

அந்த எண்ணத்துக்கு வாழ்க்கையில் ஆதாரம் இருந்தது. பழைய கடைவீதியில் வேலைக்கு வரும் பையன் பெரும்பாலும் முதலாளியின் ஊர்க்காரன் அல்லது உறவுக்காரன். சாப்பாடு முதலாளி வீட்டில், படுக்கை கடைக்குள்ளே மூட்டைகளுக்கு நடுவில். விடிந்ததும் வரிசை எண் எழுதிய கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, வாசல் தெளித்து, தராசைத் துடைத்து வைப்பான். இரவு கணக்கு நேரானதும் அதே பலகைகளை அதே வரிசையில் காடியில் செருகிவிட்டு உள்ளேயே படுத்துக்கொள்வான். எடுபிடியாக நுழைந்தவன் சரக்கு நிறுக்கக் கற்று, பிறகு கல்லாவில் உட்கார்ந்து, பேரேடு எழுதப் பழகி, கடைசியில் முதலாளியின் கைதூக்கலோடு தனிக்கடை போடுவான் என்பது எதிர்பார்ப்பு. நாடார் வணிகர்கள் பலர் தெற்கத்திச் சிற்றூர்களிலிருந்து நகரங்களுக்கு வந்து வளர்ந்தது இந்த வழியில்தான். சிலருக்கு அந்த எதிர்பார்ப்பு நிறைவேறியது. நிறைவேறாதவர்களுக்கு வேலை நேரம், சம்பளம், விடுப்பு எதுவும் எழுத்தில் இல்லை.

எழுத்தில் வைத்திருந்தவர்களும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார்கள் தங்கள் ஏஜெண்டுகளை மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பினார்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், அதற்கு மேல் ஏஜெண்டு என்று படிநிலை இருந்தது. தவணை முடிந்ததும் ஊர் திரும்பி, ஓய்வுக்குப் பிறகு மறு தவணைக்குப் போகலாம். வேலையின் காலமும் ஊதியமும் முன்கூட்டியே தீர்மானமான இந்த முறை, அரசின் சட்டம் எதுவும் கேட்காமலே ஒரு வணிகச் சமூகம் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் அது கடல் கடந்து பெரும் பணத்தைக் கையாள்பவர்களுக்கான ஏற்பாடு. உள்ளூர் மளிகைக் கடைப் பையனுக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டம் முதலாளி பக்கம்தான் நின்றது. 1859-ஆம் ஆண்டின் வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை முடிக்காமல் போன கைவினைஞரையும் கூலியாளையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வழி செய்தது. பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ உத்தரவாகும். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். வேலை கொடுத்தவர் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டால் அவருக்கு இதற்கு ஈடான தண்டனை இல்லை. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாநகரங்களுக்கு என்று வந்து பின்னர் பிற பகுதிகளுக்கும் பரவிய இச்சட்டம், 1925-இல்தான் நீக்கப்பட்டது. கடன்பட்ட உழைப்பாளி ஓடிப்போவது குற்றம் என்ற கருத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் இருந்தது. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கம் சட்டம் போன பின்பும் போகவில்லை.

மாற்றத்தின் தொடக்கம் ஆலை வாசலில். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னை பெரம்பூரில் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். தலைவராக வந்த பி.பி. வாடியாவின் பெயர் பரவலாகத் தெரியும். சங்கம் அமையக் காரணமான ஜி. செல்வபதி செட்டியாரும் ஜி. ராமானுஜலு நாயுடுவும் அந்த வட்டாரத்து வியாபாரிகள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டுச் சங்கம் வைக்கத் துணிந்தவர்கள் சிறு வணிகர்கள். அதன் பின் வந்த கதவடைப்பு, வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தடை உத்தரவு எல்லாம் சேர்ந்து 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தன.

ஆலைக்கு நேர வரம்பு படிப்படியாக இறங்கியது. 1922-இல் வாரம் 60 மணி, 1934-இல் நிரந்தர ஆலைகளுக்கு 54, 1946-இல் 48. இதே காலத்தில் கடைக்கு எந்த வரம்பும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் கொண்டுவந்த வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923-இல் ஏற்றது. அதுவும் தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றுக்கானது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலை நேரம் வகுத்த 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்கவே இல்லை. விட்லி தலைமையில் 1929-இல் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷனின் கவனமும் ஆலை, சுரங்கம், ரயில்வே, தோட்டம் ஆகியவற்றின் மீதே பெரிதும் இருந்தது.

கடைக்கென்று முதலில் சட்டம் இயற்றிய மாகாணம் பம்பாய், 1939-இல். வங்காளமும் பஞ்சாபும் அடுத்த ஆண்டே தொடர்ந்தன. 1942-இல் மத்திய அரசு வார விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுதாக மூடியிருக்க வேண்டும். அது எந்த நாள் என்பதைக் கடைக்காரர் பலகையில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் அந்த நாளை மாற்றக் கூடாது. மாகாண அரசு அறிவித்தால்தான் இச்சட்டம் அந்த மாகாணத்தில் செல்லும். இங்கே பதிந்த ஒரு கருத்து அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது: சிப்பந்திக்கு ஓய்வு கொடுக்க நம்பகமான வழி கடையையே மூடுவது. கதவு திறந்திருந்தால் ஆள் நிற்பார். மூடிவிட்டால்தான் போவார் என்று சட்டம் எழுதியவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள்.

சென்னை மாகாணம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சிக் காலத்தில், 1947-இல், தன் சட்டத்தை இயற்றியது. விதிகள் 1948-இல் வந்தன. முதலில் சென்னை நகரம், நகராட்சிகள், பெரிய பஞ்சாயத்துகள் என்று தொடங்கிப் பிற இடங்களுக்கு அரசு அதை விரிக்கலாம் என்று ஏற்பாடு. நாள் ஒன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் பார்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. அதற்கு இரட்டைச் சம்பளம். கடையில் தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை பார்த்தவருக்கு ஒரு மணி நேர இடைவேளை. வேலையும் இடைவேளையும் சேர்ந்து பன்னிரண்டு மணிக்குள் அடங்க வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. நோய்க்கு 12 நாள், தக்க காரணத்துக்கு இன்னொரு 12 நாள் வேறு.

கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அரசு வகுக்கலாம். மூடும் நேரம் வந்தபோது கடைக்குள் சரக்கு வாங்கிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் அடுத்த கால் மணி நேரம் வரை சரக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கடைவீதியை அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதிய விதி இது. வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பக் கடைக்காரருக்கு மனம் வராது. அந்தத் தயக்கம்தான் பத்து மணிக் கடையைப் பதினொன்றாக்கும். அந்தத் தயக்கத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்து வைத்தது சட்டம்.

இச்சட்டத்தின் மிகப் பெரிய சிறப்பு, ஆள் எண்ணிக்கை கேட்காததுதான். ஒரே ஒரு சிப்பந்தி உள்ள பெட்டிக்கடைக்கும் இது பொருந்தும். முதலாளியோடு வாழ்ந்து அவரைச் சார்ந்திருக்கும் கணவன், மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டும் வேலையாள் கணக்கில் சேர மாட்டார்கள். குடும்பம் மட்டும் நடத்தும் கடைக்குள் வேலையாள் விதிகள் நுழையா. அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவர் உள்ளே வந்ததும் நுழையும். உறவு என்ற பெயரில் நடந்த உழைப்புக்கு இப்படி ஒரு கோடு கிழித்தது அன்றைக்குத் துணிவான காரியம்.

அடுத்த சிறப்பு 41-ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று நிறுத்தினால் முன்னறிவிப்பு வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியத்தை எழுத்தில் பதிந்து, குற்றம் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இதன் எடை தெரிய வேண்டுமானால் அதே ஆண்டின் மத்தியச் சட்டத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், ஒரு தனி ஆளின் வேலை நீக்கம் தொடக்கத்தில் தொழில் தகராறு ஆகவில்லை. சங்கமோ சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டால்தான் ஆனது. 1965-இல் 2அ பிரிவு சேர்ந்த பிறகே தனி ஆள் தன் நீக்கத்துக்காகத் தானே வழக்காட முடிந்தது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் ஒருவருக்கு இல்லாத உரிமை, சங்கம் என்றால் என்னவென்றே தெரியாத மளிகைக் கடைக் குமாஸ்தாவுக்குச் சென்னை மாகாணத்தில் பதினேழு ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தது. சங்கம் வைக்க முடியாத இடம் கடை என்பதை உணர்ந்தே சட்டம் தனி ஆளின் கையில் இந்த மேல்முறையீட்டைக் கொடுத்தது என்று கொள்வதே பொருத்தம்.

சிறுகடை முதலாளிகள் பலர் சிக்கிக்கொள்வதும் இந்தப் பிரிவில்தான். கல்லாவில் பணம் குறைந்தது என்றால் கோபத்தில் அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்புவது வழக்கம். குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, விளக்கம் வாங்கி, விசாரித்துப் பதிவு செய்யாததால், உண்மையிலேயே தவறு நடந்த வழக்குகளிலும் முதலாளி பக்கம் பலவீனமாகிவிடும். கடையில் விசாரணை நடக்காதிருந்தாலும் மேல்முறையீட்டு அதிகாரி தாமே சாட்சியம் பெற்று முடிவெடுக்கலாம் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது முதலாளிக்கும் ஒரு வாய்ப்பு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சட்டம் பொருந்தாது என்பதால், சிப்பந்திக்கு மேனேஜர் என்று பெயர் சூட்டித் தப்பப் பார்த்தவர்களும் உண்டு. பெயரை விட்டு, அவர் பார்த்த வேலை என்ன என்பதைத்தான் இவ்வழக்குகளில் ஆராய வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் பலவீனம் அமலாக்கத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் எடை, அளவுச் சட்டமும் தொழிலாளர் துறையின் பொறுப்பே. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வரும் துறைதான் வருகைப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும், பிற மொழிகளும் இருந்தால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்ற விதியும் இந்தக் கடைகள் சட்ட விதிகளுக்குள்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் பலருக்கு இச்சட்டம் நினைவுக்கு வருவதே பலகைக்காக நோட்டீஸ் வரும்போதுதான். கடைகளைப் பதிவு செய்யும் ஏற்பாடே மூலச் சட்டத்தில் இல்லை. எத்தனை கடை, எத்தனை பேர் என்று தெரியாமல் சோதனை செய்வது கடினம்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டங்கள் எண்ணிக்கையைக் கொண்டுவந்தன. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் வந்தது. 1962-இல் வணிக நிறுவனங்களுக்கும் நீண்டது. அதற்குக் கணக்கு இருபது பேர். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்துக்கும் இருபது. 1972-இன் பணிக்கொடைச் சட்டத்துக்கும், மகப்பேறு உதவிக்கும், இ.எஸ்.ஐ.க்கும் பத்து. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் உள்ள இடத்தில் உள்ளகக் குழு வேண்டும்; அதற்குக் குறைந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் பெண் புகார் தரலாம். உணவகங்களுக்குத் தமிழகத்தில் 1958-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டு வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி இப்போது குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி நான்கும், பண்டிகைகள் ஐந்தும் ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. பத்தையும் இருபதையும் தொடாமல் ஆட்களை ஒன்பதிலும் பத்தொன்பதிலும் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் சிறுதொழிலில் வேர்விட்டது இந்த எண்ணிக்கைக் கோடுகளால்தான்.

கடையின் வடிவமும் மாறியது. சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் மாடி மேல் மாடியாகக் கடைகள் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களும் பெண்களும் விடுதிகளில் தங்கி, நாள் முழுதும் நின்றபடி புடவை விரித்துக் காட்டினார்கள். 2010-இல் வெளிவந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இந்த வாழ்க்கையைப் பொதுப் பார்வைக்குக் கொண்டுவந்தது. தங்கலும் சாப்பாடும் முதலாளியே தருவது பழைய கடைவீதியிலும் இருந்ததுதான். ஒருநாள் தனிக்கடை போடலாம் என்ற நம்பிக்கை மட்டும் இங்கே இல்லை.

நிற்பது பற்றி 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்டனில் 1899-லேயே, கடைப் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வீதம் வைக்கச் சட்டம் வந்திருந்தது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டமும் 1948-இல், நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது. கடை மட்டும் விடுபட்டது. பாதம் வீங்குவது, நரம்பு புடைப்பது, கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் விற்பனைப் பெண்களின் அன்றாடம் ஆயின. இதை உரிமைப் பிரச்சினையாக முதலில் எழுப்பியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் பெண்கள். தையல் வேலை பார்த்த விஜியின் முன்முயற்சியில் ‘பெண்கூட்டு’ உருவாகி, கழிப்பறைக்கும் இருக்கைக்கும் போராடியது. கேரளம் 2018-இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 22அ என்ற பிரிவைச் சேர்த்தது: எல்லா நிறுவனத்திலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். ஒரு முக்காலி கிடைக்க எழுபத்துநான்கு ஆண்டு. அந்த முக்காலியைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தால் முறைக்கும் மேற்பார்வையாளர் இருக்கும் வரை, இந்தப் பிரிவு பாதிதான் நிறைவேறியது.

இதற்குச் சற்று முன் இன்னொரு அடித்தளம் மாறியிருந்தது. மத்திய அரசு 2016-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்து, கடைகள் ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. தமிழ்நாடு 2019-இல், பத்து அல்லது அதற்கு மேல் ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கு மூன்றாண்டுக்கு அந்த அனுமதியைத் தந்தது. 2022-லும் 2025-லும் நீட்டித்தது. கதவு மூடினால்தான் ஓய்வு என்ற பழைய ஏற்பாடு இந்தக் கடைகளில் இத்துடன் முடிந்தது. சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும், எட்டு மணி நேரம் மாறாது, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வைத்தால் எழுத்தில் சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும், சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். வாரம் ஒரு நாள் பூட்டு தொங்குகிறதா என்று தெருவில் போகிறவரே முன்பு பார்க்க முடிந்தது. இப்போது அது பதிவேட்டைத் திறந்தால்தான் தெரியும். ஓய்வுக்கு இருந்த ஊர்ச்சாட்சி போய்விட்டது என்பதே இந்த மாற்றத்தின் பெரிய இழப்பு.

மூலச் சட்டத்தில் இல்லாத பதிவு முறை 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும். எண் கேட்காத சட்டத்துக்குள்ளும் பத்து என்ற எண் இவ்வாறு நுழைந்தது. பதிவுக்குத்தான் இந்த எண். வேலை நேரமும், விடுப்பும், 41-ஆம் பிரிவும் ஒருவர் மட்டுமே வேலை பார்க்கும் கடைக்கும் முன்போலவே பொருந்தும்.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 2019-இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்பு ஆள் எண்ணிக்கை பார்க்காமல் எல்லா வேலையாளுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை உரித்தாக்குகிறது. வேலையை விட்டவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இரண்டு வேலை நாளில் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும் என்பதால் வைப்பு நிதி, பணிக்கொடைக் கணக்குகள் மாறுகின்றன. குறித்த கால ஒப்பந்தத்தில் வருபவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. மாநிலத்தின் கடைகள் சட்டத்தை இத்தொகுப்புகள் நீக்கவில்லை. ஆகவே இன்று தமிழ்நாட்டில் மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவர், ஊதியத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பையும், வேலை நேரத்துக்கும் விடுப்புக்கும் வேலை நீக்கத்துக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், இருக்கைக்கு அதன் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் பார்க்க வேண்டியவராக இருக்கிறார்.